சோழிங்கநல்லூர்: படகு போன ஊர் புறநகரான விதம்

சென்னை வரைபடத்தில் திருவான்மியூரிலிருந்து தெற்கே கோவளம் வரை பாருங்கள். கடற்கரை ஒரு கோடு. அதை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு கோடு. மேற்கே கொஞ்சம் தள்ளி பழைய மகாபலிபுரம் சாலை, அதாவது எல்லோரும் ஓஎம்ஆர் என்று சொல்வது, இன்னொரு கோடு. இந்த இரண்டு சாலைகளுக்கும் நடுவில் மெல்லிய நீலக்கோடு ஒன்று ஓடும். அதுதான் பக்கிங்காம் கால்வாய்.

இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் இரண்டு சாலைகளைப் பற்றியும் நுணுக்கமாக விசாரிப்பார்கள். ஆபீசுக்கு எத்தனை நிமிடம், பஸ் எங்கே நிற்கும், மெட்ரோ எப்போது வரும் என்று கேட்பார்கள். நடுவில் ஓடும் தண்ணீரைப் பற்றி மட்டும் பேச்சே வராது. ஆனால் சோழிங்கநல்லூர், காரப்பாக்கம், செம்மஞ்சேரி, நாவலூர் போன்ற ஊர்கள் ஏன் இப்படி நீளவாக்கில் வளர்ந்தன, மழைக்காலத்தில் சில இடங்களில் மட்டும் ஏன் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது, இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் குடிக்க ஏன் லாரியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்ற கேள்விகளுக்குச் சாலையை வைத்துப் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் போகும் வழியை வைத்துத்தான் சொல்ல முடியும். சோழிங்கநல்லூரை நடுவில் வைத்துக்கொண்டு அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மில் பலருக்குக் கால்வாய் என்றதும் நினைவுக்கு வருவது வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பாசனக் கால்வாய்தான். அணையில் தொடங்கும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும், மதகு மதகாகப் பிரிந்து வயலில் முடியும். பக்கிங்காம் கால்வாய் அந்த ரகம் இல்லை. படகு போவதற்காகவே வெட்டப்பட்ட நீர்வழி இது. கடலுக்கு இணையாக, வடக்கு தெற்காகப் போகிறது. வழியில் குறுக்கிடும் ஆற்று முகத்துவாரங்களையும் உப்பங்கழிகளையும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் உப்பு, அதனால் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூடப் பாசனம் ஆகாது. இதன் கரையில் இருந்த ஊர்கள் விவசாயத்துக்கு ஏரியை நம்பின. கால்வாயை நம்பியது சரக்குக்கு.

இதிலிருந்து கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாசனக் கால்வாயை ஊர்க்காரர்கள் தூர்வாருவார்கள், முறை வைத்துக் காவல் காப்பார்கள், தண்ணீருக்காகச் சண்டையும் போடுவார்கள். அது அவர்களுடைய சோறு. படகுக் கால்வாய் அப்படி இல்லை. படகு போகும் வரை அதைக் கவனிக்க ஒரு துறை இருந்தது. படகு நின்ற பிறகு அது யாருடைய அன்றாடப் பிழைப்பிலும் இல்லாமல் போய்விட்டது. பின்னால் நடந்த பலவற்றுக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிலோமீட்டரில் மூன்று நிலம்

சரி, நிலத்தைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை என்ற இடத்தில் மேற்கே திரும்பினால் சோழிங்கநல்லூர் சந்திப்புக்கு ஒரு இணைப்புச் சாலை போகிறது. கலைஞர் கருணாநிதி சாலை என்று பெயர். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். இந்தச் சின்ன தூரத்துக்குள் நிலத்தின் குணம் இரண்டு முறை மாறிவிடும்.

கடலை ஒட்டியிருப்பது மணல்மேடு. அலையும் காற்றும் நெடுங்காலமாகக் குவித்த மணல். இன்று பங்களாக்களும் சுற்றுச்சுவர்களும் மறைத்துவிட்டதால் கண்ணுக்கு மேடாகத் தெரியாது, ஆனால் தண்ணீருக்கு அது மேடுதான். இங்கே மழை பெய்தால் ஓடுவதைவிட உள்ளே இறங்குவதுதான் அதிகம். நல்ல தண்ணீர் கடல்நீரைவிட எடை குறைவு என்பதால், மணலுக்கு அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் அது ஒரு படலமாக மிதந்து தங்கிக்கொள்ளும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பாலவாக்கம், நீலாங்கரைக் கிணறுகளில் அதிக ஆழம் தோண்டாமலே நல்ல தண்ணீர் கிடைத்ததன் காரணம் இதுதான். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரையுள்ள இந்த மணல் ஊற்றைச் சென்னை நகரமே குடிநீருக்காக உறிஞ்சியிருக்கிறது. அளவுக்கு மேல் உறிஞ்சினால் மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் தீர்ந்து கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும். சென்னையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-லேயே தனிச் சட்டம் வந்தது.

அடுத்து பள்ளம். கால்வாய் ஓடுவது இதில்தான். பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கீழே பார்த்தால் கறுத்த தண்ணீர், பச்சைத் திட்டாக ஆகாயத்தாமரை, கரையோரம் சீமைக்கருவேல், கூடவே கட்டட இடிபாடு கொட்டிய மேடு. தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்வது கஷ்டம், அவ்வளவு மெதுவாக நகரும். இங்கே கால்வாயின் அடித்தளத்துக்கும் கடல் மட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தெற்கே முட்டுக்காட்டை நெருங்க நெருங்க, கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறும், இறக்கத்தில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓதம் என்று பெயர். பின்னால் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் திரும்ப வரும்.

பாலம் தாண்டி மேற்கே போனால் களிமண். மணல் தண்ணீரைக் குடிக்கும், களிமண் தேக்கும். அதனால்தான் இந்தப் பக்கம் ஏரிகளும் நெல் வயல்களும் இருந்தன. பழைய ஊர்கள் கொஞ்சம் உயரமான இடம் பார்த்து அமைந்திருக்கும். கோயிலும் குளமும் தெருக்களும் அங்கே இருக்க, தாழ்ந்த இடம் முழுக்க வயலுக்கும் தண்ணீருக்கும் விடப்பட்டிருக்கும். ஓஎம்ஆரிலிருந்து இன்னும் மேற்கே போனால் பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், மேடவாக்கம் என்று ஏரி ஏரியாக வரும்.

ஏன் தெற்கே சுற்றிப் போகிறது

இந்த ஏரிகள் தனித்தனி அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல், அதாவது மிகுதி நீர் வழியும் இடம், வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலியாக வழிந்து வரும் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். சுமார் 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழைக்கு வடியும் இடம் அதுதான். அங்கே தேங்கி, பரவி, கோரைப்புல்லுக்கு இடையில் மெதுவாக நகர்ந்து, துரைப்பாக்கத்துக்கும் காரப்பாக்கத்துக்கும் இடையில் ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக ஓஎம்ஆரைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது.

விழுந்த இடத்திலிருந்து நேர் கிழக்கே கடல் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் தண்ணீர் அந்த வழியாகப் போக முடியாது. நடுவில்தான் மணல்மேடு நிற்கிறதே. அதனால் பெரும்பகுதி கால்வாயோடு தெற்கே திரும்பி, சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர்ப் பக்கங்களைத் தொட்டுக்கொண்டு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து முட்டுக்காட்டு உப்பங்கழியில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைப் பிடிக்கிறது. இவ்வளவு தூரத்துக்கும் சரிவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் ஒரு ஓரத்து ஓட்டை வழியாக வெளியேறுவது மாதிரி, மேலிருந்து வருவது எவ்வளவாக இருந்தாலும் வெளியே போவது அந்த ஓட்டை விடும் அளவுதான்.

அந்த ஓட்டையும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கும். மழைக்காலத்தில் உள்ளிருந்து வரும் வெள்ளம் அதை உடைத்துத் திறக்கும், சில வருஷம் பொக்லைன் வைத்து வெட்டிவிட வேண்டியிருக்கும். முட்டுக்காடு பாலத்தில் நின்றால், 1984 முதல் இயங்கும் படகுக் குழாமில் ஒரு பக்கம் சுற்றுலாப் படகுகள் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீச்சுவலை வீசுகிறவர்களைப் பார்க்கலாம். உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடம் என்பதால் இறாலும் மடவையும் இங்கே வளரும். முகத்துவாரம் அடைபட்டால் முதலில் தெரிவது வலைபோடுகிறவர்களுக்கு. ஓஎம்ஆர் அடுக்குமாடிக்காரர்களுக்குத் தெரிவது டிசம்பரில்.

வெட்டியவர்கள்

கால்வாயின் வரலாறு சோழிங்கநல்லூரில் தொடங்கவில்லை, சென்னைக்கு வடக்கே தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒப்பந்த வியாபாரத்தில் கொழுத்திருந்தார். 1801-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகுக் கால்வாய் வெட்ட அவருக்கு அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் முடித்தார். செலவு அவருடையது, அதற்குப் பதிலாகப் படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் அவருக்கே. இன்றைய மொழியில் சொன்னால் தனியார் முதலீட்டில் கட்டி டோல் வாங்கும் திட்டம். ரொம்ப நாள் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றுதான் பெயர். 1837-இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, அப்புறம் வடக்கே ஆந்திரக் கரையில் பெத்தகஞ்சம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் படிப்படியாக நீட்டியது. பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. அதில் தமிழ்நாட்டுக்குள் வருவது சுமார் 163 கி.மீ.

இந்த நீளத்தில் ரொம்ப காலம் ஒரு துண்டு விட்டுப்போயிருந்தது. வடக்கிலிருந்து வரும் கால்வாய் கூவத்தில் முடிந்தது. தெற்குக் கால்வாய் அடையாற்றில் தொடங்கியது. நடுவில் சுமார் எட்டு கிலோமீட்டர் வெறும் தரை. அதை இணைத்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரண வேலையாக, பிழைக்க வழியில்லாமல் மாகாணம் முழுவதிலிருந்தும் சென்னைக்கு வந்து குவிந்தவர்களை வைத்து 1877–78-இல் அந்த இணைப்பு வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். கால்வாய் முழுவதற்கும் அவர் பெயரை வைத்தார்கள். 1877-இல் சில மாதங்களுக்கு மதராஸ் மாகாண நிவாரண வேலைகளில் ஒரு ஆளின் தினக்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று குறைக்கப்பட்டது. மண் சுமக்கிற ஆளுக்கு இந்தத் தானியம் போதாது என்று அன்றைக்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. ஆளுநர் பெயர் இன்றும் ஒவ்வொரு பாலத்துப் பலகையிலும் இருக்கிறது.

இணைப்பு கிடைத்ததும் ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை ஒரே நீர்வழி ஆனது. ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் தண்ணீர் மட்டத்தைப் பிடித்துவைக்க லாக் எனப்படும் அடைப்புகள் கட்டினார்கள். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ, முன்கதவைத் திறந்து விடுவார்கள். படகுகள் தட்டையான அடிப்பாகம் கொண்டவை. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், அதுவும் முடியாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். தெற்குப் பக்கத்திலிருந்து நகரத்துக்குப் போனது சவுக்கு விறகு, உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், நெல். கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களுக்குக் கால்வாய்தான் வாசல். சென்னை வீடுகளின் அடுப்பு எரிந்ததில் இந்தக் கால்வாய்க்கு நல்ல பங்கு உண்டு. மகாபலிபுரம் பார்க்கப் போகிறவர்கள்கூட ராத்திரி படகில் படுத்துத் தூங்கிக் காலையில் இறங்கியிருக்கிறார்கள்.

இந்தப் போக்குவரத்து ஏதோ வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1960–61-இலும் 1,200-க்கு மேற்பட்ட படகுகள் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றியிருக்கின்றன. அப்புறம் சரிவு வேகமாக வந்தது. 1965, 1966 புயல்களும் 1976 புயலும் கரைகளை உடைத்து மணலைக் கொட்டின. லாரி மலிவானது. தூர்வாரும் செலவு வருமானத்தைத் தாண்டியது. விறகின் இடத்தை மண்ணெண்ணெயும் அப்புறம் கேஸும் பிடித்தன. நகரத்துக்குள் சாக்கடை கால்வாயில் இறங்கியது. கடைசியில் பறக்கும் ரயிலின் தூண்களையே கால்வாய்க்குள் இறக்கினார்கள். 1990-களில் மயிலாப்பூர் வரை ரயில் வந்தபோது, அந்தப் பகுதியில் படகு திரும்ப வரும் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது. 2008-இல் காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று மத்திய அரசு அறிவித்தபோது இந்தக் கால்வாயும் அதில் சேர்ந்தது. சோழிங்கநல்லூர்ப் பாலத்துக்கு அடியில் அந்த அறிவிப்பின் அடையாளம் எதுவும் தென்படாது.

படகு போகாவிட்டாலும் கால்வாய் சும்மா இருக்கவில்லை என்பதற்கு 2004 சுனாமி ஒரு சாட்சி. பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வரையிலான நீளத்தில், கரையேறிய தண்ணீரைக் கால்வாய் வாங்கிக்கொண்டு திரும்பக் கடலுக்கு விட்டதால் ஆந்திரக் கரையில் பல உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சாலை வந்த பிறகு

சோழிங்கநல்லூரின் முகம் மாறியது கால்வாயால் அல்ல, அதற்கு மேற்கே இருந்த சாலையால். பழைய மகாபலிபுரம் சாலை ரொம்ப காலம் இரண்டு பஸ் எதிரெதிரே போனால் ஓரம் இறங்க வேண்டிய அகலத்தில்தான் இருந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் பெரிய பெரிய துண்டாக நிலம் தேவைப்பட்டது. நகரத்துக்குள் அப்படி நிலம் கிடையாது. தெற்கே இருந்தது, அதுவும் மலிவாக. சிறுசேரியில் மாநில அரசின் சிப்காட் நிறுவனத்தின் பூங்கா வந்தது, சோழிங்கநல்லூரில் இன்னொரு அரசு நிறுவனமான எல்காட்டின் சிறப்புப் பொருளாதார மண்டலம் சுமார் 377 ஏக்கரில் வந்தது. மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை சாலை ஆறு வழியானது, ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறி 2008-இல் திறக்கப்பட்டது. கூடவே டோல். காக்ரேன் படகுக்கு வாங்கியதை இவர்கள் காருக்கு வாங்கினார்கள். ஓஎம்ஆரிலும் அதன் இணைப்புச் சாலைகளிலும் இருந்த நான்கு சாவடிகள் 2021-இலும், நாவலூர்ச் சாவடி 2023-இலும் வசூலை நிறுத்தின.

நிலம் ஏன் மலிவாகவும் பெரிய துண்டாகவும் கிடைத்தது என்று கேட்டால் பதில் மறுபடி தண்ணீரில்தான் போய் நிற்கும். வயலும் ஏரி ஓரமும் சதுப்பும் வீடு கட்டத் தகுந்த இடமாக யாருக்கும் படாததால்தான் அத்தனை காலம் காலியாகக் கிடந்தன. பழைய ஊர்க்காரர்கள் வீடு கட்டாத இடங்களில் புது ஊர் எழுந்தது. பள்ளிக்கரணை சதுப்பு ஒரு காலத்தில் 50 சதுர கி.மீ. அளவுக்கு விரிந்திருந்தது. அதன் மேல் குப்பைக் கிடங்கு வந்தது, ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன, பறக்கும் ரயில் வந்தது, துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மிச்சத்தில் ஒரு பகுதியை 2007-இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பூநாரைகள் இன்னும் வருகின்றன. பக்கத்தில் குப்பை மலையும் இருக்கிறது.

கம்பெனிகளோடு இன்னொரு கூட்டமும் இங்கே வந்தது, தானாக வரவில்லை, கொண்டுவரப்பட்டது. சென்னை நகரத்துக்குள் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தி, துரைப்பாக்கம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளில் அமர்த்தினார்கள். வெள்ள ஆபத்து என்று சொல்லிக் கால்வாய்க்கரையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் அதே கால்வாயின் தாழ்ந்த நிலத்தில் வந்து இறங்கினார்கள். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தரைத்தள வீடுகளில் தண்ணீர் ஏறுவது வருஷா வருஷம் செய்தி.

ஆட்சி அமைப்பு பின்னால் ஓடி வந்தது. சோழிங்கநல்லூர் ஒரு பேரூராட்சியாக இருந்தது, சுற்றியிருந்தவை ஊராட்சிகள். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. சோழிங்கநல்லூர் 15-ஆவது மண்டலத்தின் பெயரானது. 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. ஆனால் பக்கத்திலிருக்கும் நாவலூரும் பெரும்பாக்கமும் மாநகராட்சிக்கு வெளியே. ஒரே கால்வாய், ஒரே வெள்ளம், கேட்க வேண்டிய அலுவலகம் மட்டும் வேறு வேறு. ஊர் எவ்வளவு பெருத்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி சோழிங்கநல்லூர்தான், ஆறரை லட்சத்துக்கும் மேல். இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என்ற இரண்டு தடங்கள் இங்கே சந்திக்கப் போகின்றன.

வெள்ளம், குடிதண்ணீர்

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பெரும்பாலும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டுவது. முன்பு அந்த மழையை ஏரிகள் கொஞ்ச நாள் வைத்திருந்தன, சதுப்பு இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்தது. கால்வாய்க்கு அது தவணை முறையில் வந்து சேர்ந்தது. இப்போது ஏரி சுருங்கி, சதுப்பு சுருங்கி, தரையெல்லாம் சிமெண்டானதால் எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஒக்கியம் மடுவில் வந்து முட்டுகிறது. மடுவும் கால்வாயும் அந்த அளவுக்கு வெட்டப்பட்டவை அல்ல. போதாததற்குப் புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருக்கும், ஓதமும் சேர்ந்தால் முகத்துவாரத்தில் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் நின்றுவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மழை நின்ற பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்தில் தண்ணீர் இறங்க நாள்கள் ஆனதற்கு முக்கியமான காரணம் இதுதான். தெருவில் மழைநீர் வடிகால் கட்டவில்லை என்று மாநகராட்சியைத் திட்டுவோம். கட்டினாலும் அந்த வடிகால் போய்ச் சேரும் கால்வாய் நிரம்பியிருந்தால் தண்ணீர் எங்கே போகும்? சில இடங்களில் வடிகால் வழியாகவே தெருவுக்குள் ஏறி வரும்.

மூன்று மாதம் இந்தக் கூத்து, மீதி ஒன்பது மாதம் தண்ணீர் லாரி. களிமண் பக்கத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர் அல்லது கலங்கிய தண்ணீர். மணல் பக்கத்து நல்ல ஊற்றுக்கும் ஆள் அதிகம். ஓஎம்ஆரில் அடுக்குமாடிகள் எழுந்த வேகத்தில் குழாய் வரவில்லை, அதனால் ஒவ்வொரு வளாகமும் மாதாமாதம் லாரிக்கணக்கு பார்க்கிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடும், இரண்டாவது ஆலை 2024-இல் 15 கோடி லிட்டர் திறனோடும் தொடங்கின. கடலிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுத்துக் குழாயில் கொண்டுவருகிறோம். வானத்திலிருந்து விழும் நல்ல தண்ணீரைக் கறுப்புக் கால்வாய் வழியாகக் கடலுக்கு அனுப்புகிறோம். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

வீடு பார்க்கிறவர்களுக்கு

இந்த ஊர்களில் ஒரு இடம் வாங்கவோ வாடகைக்குப் போகவோ நினைக்கிறவர்கள், தரகர் காட்டும் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சர்வே எண் கிடைத்ததும் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேட்டைப் பாருங்கள், அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுக்கலாம். நன்செய் என்றிருந்தால் அது தண்ணீர் நின்ற நிலம். நத்தம் என்றால் பழைய ஊர், பெரும்பாலும் மேடு. பக்கத்துச் சர்வே எண்களையும் பாருங்கள். ஏரி, வாய்க்கால், கழுவெளி (சதுப்பு) என்று எங்காவது எழுதியிருந்தால், அந்தத் தண்ணீர் இன்று எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணுக்கான அளவு வரைபடத்தில், ஒரு வாய்க்கால் வரைந்திருந்து, நேரில் அந்த இடத்தில் கார் நிறுத்தம் இருந்தால், மழைக்காலத்தில் வாய்க்கால் திரும்ப வரும்.

அப்புறம், நேரில் போகும்போது தெருவில் கொஞ்சம் நடங்கள். இபி மீட்டர் பெட்டிகளை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், மோட்டாரை மேடை கட்டி வைத்திருக்கிறார்களா, பழைய வீடுகளின் வாசற்படி புதுச் சாலையைவிட எவ்வளவு கீழே போய்விட்டது என்று பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடமோ பெட்டிக்கடை அக்காவிடமோ போன டிசம்பரில் தண்ணீர் எது வரைக்கும் வந்தது, இறங்க எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். ஏறிய உயரத்தைச் சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார்கள். இறங்க ஆன நாள் எத்தனை என்பதை அதைவிடக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அரை நாளில் இறங்கியது என்றால் அது தெருவின் பிரச்சினை, வடிகால் கட்டிச் சரிசெய்யலாம். நாலு நாள் நின்றது என்றால் அது கால்வாயின் பிரச்சினை, உங்கள் குடியிருப்போர் சங்கம் எத்தனை மனு கொடுத்தாலும் அந்தத் தெருவோடு தீராது.